ஷோ

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்கு வந்த பெயர்ச்சொல்; திரையிடல், மேடை நிகழ்ச்சி, வீண்பகட்டு என்று பொருள்படும். மூலமான பழைய ஆங்கில வினைக்குப் 'பார்' என்பதே பொருள். இனச்சொல்லான ஜெர்மன் வினை இன்றும் பார்ப்பதையே குறிக்கிறது. 1200 வாக்கில்தான் ஆங்கிலத்தில் 'காட்டு' என்ற பொருள் வேரூன்றியது. தமிழருக்கு இது விநோதமில்லை: காண், காட்டு, காட்சி எல்லாம் ஒரே வேர், ஆனால் தமிழ் பார்த்தல், காட்டுதல் என்ற இரு பொருளையும் வைத்துக்கொண்டது, ஆங்கிலம் பழையதைக் கைவிட்டது. 'காட்சி' இருக்க இக்கடன் எதற்கு என்பர். படத்தினுள் வரும் ஒரு பகுதியும் காட்சிதானே. மும்பை மாட்டுங்கா பகுதியின் அரோரா திரையரங்கில் தமிழ்ப்படத்துக்கு டிக்கெட் கேட்பவருக்கு 'ஷோ' அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. கடனுக்கும் எல்லை உண்டு: அதே நகரில் 1952இல் தொடங்கிய சண்முகானந்தா சபாவில் நடப்பது கச்சேரி, அதை ஷோ என்றால் ரசிகர் முகம் சுளிப்பார்.