ஆங்கில வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும்

ஒரு மொழியின் இலக்கணமும் இலக்கியமும் ஒரே வகுப்பில் பயிலப்படுங்கால் ஒன்று மற்றொன்றற்கு எவ்வாறு துணை நிற்கின்றது என்பது ஆராய்தற்குரியது. இங்கிலாந்தில் ஆங்கிலக் கல்வி வளர்ந்த வரலாற்றை நோக்கின், இவ்விரண்டும் நெடுங்காலம் இணங்கி நின்றில என்பது புலனாகும்.

ஆங்கிலத்திற்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் 1586-இல் வெளியிட்டதாகும். அந்நாளைப் பள்ளிகளில் இலக்கணம் எனின் இலத்தீன் இலக்கணமே. ஆங்கிலமும் விதிக்கு உட்பட்ட மொழியே என நிறுவ விழைந்த புல்லோக்கர், வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணத்தைத் தழுவியே தம் நூலை யாத்தார். பிறமொழிக்கு அமைந்த சட்டம் இவ்வாறு ஆங்கிலத்தின்மேல் ஏறியது.

இதன் விளைவை 1762-இல் இராபர்ட் லௌத் வெளியிட்ட இலக்கணத்தில் காண்கிறோம். அவர் தம் அடிக்குறிப்புகளில் சேக்சுபியர், மில்டன், சுவிப்டு முதலியோரை வழுவிற்குச் சான்றாகவே பெரிதும் எடுத்துக்காட்டினார். 'ஹேவ்' என்னும் துணைவினையை அடுத்து 'ரிட்டன்' வருதலே முறை; 'ரோட்' வருதல் வழு என்பது அவர் கொள்கை. இத்தகைய வடிவ மயக்கங்களைப் பெரும்புலவர் வாக்கிலேயே அவர் சுட்டினார். லௌத்தைப் பெரிதும் பின்பற்றி லிண்ட்லி மரே 1795-இல் யார்க்கு நகரப் பெண்கள் பள்ளியொன்றன் பொருட்டு இயற்றிய இலக்கணம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. பிழைத் தொடரைத் திருத்துதலும், சொற்களைத் தனித்தனியே பகுத்து வகை கூறுதலும் வகுப்புப் பயிற்சிகளாயின. மில்டனின் செய்யுளும் அப்பகுப்பிற்கு இரையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கியம் தனிப்பாடமாகும் உரிமையைக் கோரிற்று. ஆக்சுபோர்டில் 1885-இல் ஆங்கிலப் பேராசிரியர் பதவியில் மொழியாராய்ச்சி வல்லுநராகிய நேப்பியர் அமர்த்தப்பட்டபோது, இலக்கியம் புறக்கணிக்கப்பட்டதெனச் சர்ட்டன் காலின்சு வாதிட்டார். மொழியாராய்ச்சியற்ற இலக்கியப் படிப்பு வெறும் சுவைப் பேச்சாய் முடியும் என்றனர் மறுதரப்பினர். 1894-இல் அங்குத் தோன்றிய ஆங்கிலத் துறையில் இரண்டும் இடம்பெற்றன. கேம்பிரிட்சில் 1917-இல் அமைந்த பட்டத் தேர்விலோ இலக்கியமே மேலோங்கியது. இலக்கணம் ஆண்ட காலத்தில் நயம் தேய்ந்தது. நயம் ஆண்ட காலத்தில் மொழியறிவு விருப்பப் பாடமாகச் சுருங்கியது.

ஈண்டுத் தமிழ் மரபை ஒப்புநோக்குதல் தகும். தொல்காப்பியம் எழுத்து, சொல் என்பவற்றோடு பொருளையும் இலக்கணமாகக் கொண்டது. இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்கள் சான்றோர் செய்யுளை விதிக்குச் சான்றாகக் காட்டினர். மரபினின்று வேறுபட்ட ஆட்சிகளுள் காரணமுடையவற்றை வழுவமைதியெனத் தழுவினர். லௌத்தின் நூலில் வழுவும் வழாநிலையும் உள. வழுவமைதிக்கு இடம் மிகச் சிறிது.

ஆங்கில வகுப்பில் இவ்விரண்டும் பகைத்ததற்கு இலக்கியத்தைக் குற்றங்காணும் களமாக்கியமையே தலையாய காரணம் என்பது நம் துணிபு. நம் வகுப்புகளிலும் செய்யுளடிகள் இலக்கணக் குறிப்பு வரைதற்கு மட்டும் பயன்படுமாயின், அதே பிளவு இங்கும் நேரும். உரையாசிரியர் காட்டிய நெறியை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.