பச்சை குத்திய மையும் ஊதாத் தாளும்

நம்மவர் பலருடைய பாட்டிமார் முன்கையில் பச்சை நிறத்தில் ஒரு கோலம் இருந்திருக்கும். அதைக் குத்தியவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராய்ச் சென்ற குறவர் குலப் பெண்கள். சென்னை அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களுடைய முறையை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். மழுங்கிய குச்சியால் உருவத்தை வரைந்துகொண்டு, நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். பிறகு எண்ணெயும் மஞ்சளும் பூசுவார்கள்.

கரி கறுப்புத்தானே, பச்சை எப்படி வந்தது? தோலுக்கு அடியில் தங்கிய கரித்துகள் ஒளிச்சிதறலால் நீலப்பச்சையாகத் தெரிகிறது. இன்றைய கறுப்பு மையும் பெரும்பாலும் கரிதான். ஆகவே குறத்தியின் மையைப் பழிப்பதற்கு அதிகமில்லை. ஆபத்து ஊசியில் இருந்தது. ஒரே ஊசிக்கட்டு தெரு முழுவதற்கும் போயிற்று!

அவளுக்கு அச்சுத்தாள் தேவைப்படவில்லை. வாசலில் போடும் கோலம் கையிலேயே இருந்தது. ஜான் லேயார்ட் என்ற மானிடவியலார் 1937-ல் வாசற்கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார்.

அச்சுத்தாளின் கதை அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. 1876-ல் எடிசன் ஒரு மின்பேனாவுக்கு உரிமம் பெற்றார். அது காகிதத்தில் நுண்துளையிடும். துளை வழியே மையை உருட்டிப் பிரதி எடுக்கலாம். அதாவது அலுவலகச் சாமான். அதே வழியைப் பின்பற்றி, நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் 1891-ல் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். உருவத்தைப் பதிக்க, செல்லுலாய்டு தகட்டில் கோடு கீறி, கரித்தூள் தூவி, வாஸ்லின் தடவிய தோலில் அழுத்தினார்கள். அந்தத் தகடு ஆள் மாற்றி ஆளாகப் பல வருஷம் உழைத்தது. மஞ்சள் காமாலைக் கிருமியைக் காரணம் காட்டி நியூயார்க் நகரம் 1961-ல் இத்தொழிலையே தடை செய்தது. 1997-ல்தான் தடை நீங்கியது.

பிறகு வந்தது ஊதாத் தாள். பள்ளிக்கூடத் தேர்வுத்தாளையும் சங்க அறிவிப்புகளையும் ஊதா எழுத்தில் பிரதி எடுத்த அதே ஹெக்டோகிராஃப் முறைதான். அதன் சாயம், குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஜென்ஷியன் வயலட்டுக்குச் சொந்தக்காரன். ஒரு தாள் ஒருவருக்கே என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் தாளை ஒட்ட வைக்கும் திரவத்தில் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் வியர்வை நாற்றத்துக்குப் போடும் குச்சியையே எல்லார் தோலிலும் நேராகத் தேய்த்தார்கள். திரவத்தைப் புதுக் காகிதத்துண்டில் ஊற்றி, அதிலிருந்து தடவுவதே முறை. தோலை மழிக்கும் கத்தியும் அவ்விதமே ஆளுக்கு ஒன்று.

ஃப்ரீமான்ட்டில் ஓம், வேல் என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதித்தாலும் குத்தக் கூடாது. 2012 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டப்படி, குத்துபவர் ஆண்டுதோறும் இரத்தவழித் தொற்றுப் பயிற்சி பெற்று, கவுண்டியில் பதிவு செய்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தானால் இன்னொரு வேலையும் உண்டு. தமிழ் அறியாதவர் வரைந்த தாளில் முதலில் தொலைவது புள்ளி. ‘அம்மா’ அங்கே ‘அமமா’ ஆகிவிடும். தாள் தோலில் பதிந்ததும், ஊசி தொடுமுன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகிலிருந்து படித்துப் பார்க்கட்டும். ஊதாக் கோட்டை ஆல்கஹாலால் துடைத்துவிடலாம்.