எண்ணிப் பார்த்த இலக்கணம்

‘இஃது ஆணை அன்று’ என எழுதுவதா, ‘இது ஆணை அல்ல’ என எழுதுவதா? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு நாள்தோறும் எதிர்ப்படும் வினா இது. ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்பது இலக்கணம். வழக்கோ இரண்டிற்கும் ‘அல்ல’ என்பதையே கொண்டுவிட்டது. பிழை என்பார் ஒருபுறம். பயின்ற வழக்கு என்பார் மறுபுறம். எந்த வடிவம், எந்நூலில், எத்துணை முறை வருகிறது என எண்ணிப் பார்த்து வழக்காடுவோர் சிலரே. அங்ஙனம் எண்ணிப் பார்க்கும் நெறி தமிழாராய்ச்சியில் வேரூன்றிய இடங்களுள் திருவனந்தபுரம் முதன்மையானது எனலாம். அது தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது என்பது, வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குச் சிறிது பெருமை தருவதே.

தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் 1926 முதல் 1936 வரை பணியாற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை, 1951-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் முன்பு அந்நகரிலேயே வழக்கறிஞராக இருந்தவர். நூல்களின் காலத்தை ஆராயும்போதும் அவர் சான்று கேட்கும் வழக்கறிஞராகவே நின்றார். தன்மை ஒருமைக்குப் பழைய நூல்களில் ‘யான்’ என்பதே வழக்கு. ‘நான்’ பரிபாடலில் தலைகாட்டுகிறது. ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலையும் அந்நூலிலேயே, ‘சேர்கின்ற’ என்னும் சொல்லில் காணப்படுகிறது. உயர்திணைப் பன்மையில் ‘கள்’ ஏறிய ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ ஆகியவை திருக்குறளில் உள்ளன. இத்தகைய வடிவங்களைக் கொண்டு அவர் சில நூல்களைப் பிற்காலத்தன என்றார். அம்முடிபுகளுக்காகத் தமிழன்பர் பலர் அவரைக் கடுமையாகச் சாடினர். அவர் கணித்த காலங்கள் எல்லாவற்றையும் நாமும் ஏற்பதற்கில்லை. ஆயினும் அவர்மீது பொழிந்த வசைகளில் சான்றுக்குச் சான்று காட்டி மறுத்தவை குறைவே.

மறுப்பதற்கும் ஒரு கருவி வேண்டுமன்றோ? ‘உண்டு’ என்பதற்கு ஓரிடம் காட்டினால் போதும். ‘இல்லை’ என்பதற்கோ நூல் முழுவதையும் சொல் சொல்லாகப் பார்த்தாக வேண்டும். அக்கருவியே சொல்லடைவு. வடசேரியில் பிறந்து, அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் 1957-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய வ. ஐ. சுப்பிரமணியம் இயற்றிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமே 1957 முதல் அப்பெயர் பூண்டிருந்தது.

கணிப்பொறி கைக்கு எட்டாத காலம் அது. நானூறு எண்ணுள்ள தொகையில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைத்தில. எஞ்சியவற்றின் ஒவ்வோர் அடியையும் பிரித்து அடைவு செய்தல் வேண்டும். பிரிப்பதிலேதான் இடர். ‘நான்மறை’ என்பதில் முன்னிற்பது நான்கு என்னும் எண்ணுப்பெயர். எழுத்தை மட்டும் பார்த்து அடுக்கினால், ‘நான்’ என்னும் தன்மைப் பெயர் புறநானூற்றில் பலவிடத்தும் வருவதாக முடிந்துவிடும்! புணர்ச்சி அறிந்தவர் கைபட்டாலன்றித் தமிழில் எண்ணிக்கை எண்ணிக்கையாகாது. பின்னர் ச. வே. சுப்பிரமணியன் எழுதிய அகநானூற்று இலக்கணம் 1972-இல் வெளிவந்தது.

உலகின் பிற மொழிகளிலும் இக்காலத்தில் இதுவே நடந்தது. 1964-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தார் பத்து இலட்சம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட தொகுதியைக் கணிப்பொறிக்கென அமைத்தனர். உருசிய மொழியில் ஒரே வேற்றுமைக்கு இரண்டு உருபுகள் போட்டியிடுவதுண்டு. ‘ஒரு குவளைத் தேநீர்’ என்னுமிடத்தில் அவர்கள் ‘சாயு’ என்றும் சொல்வர், ‘சாயா’ என்றும் சொல்வர். (திருவனந்தபுரத்துத் தேநீர்க்கடையில் நாம் கேட்டு வாங்கும் சாயாவும் அச்சொல்லின் உறவே.) எது எவ்வளவு பயில்கிறது எனச் செய்தித்தாள்களில் எண்ணி, கிரௌதினா முதலிய மூவர் 1976-இல் மாஸ்கோவில் ஓர் அகராதியே வெளியிட்டனர். எது தவறு என்பதைக் காட்டிலும் எது தேய்கிறது, எது வளர்கிறது என்பதை அது காட்டியது.

ஆயின் ஓர் ஐயம் எழும். வடிவ வேறுபாடெல்லாம் கால வேறுபாடுதானா? கலிப்பா உரையாடலுக்கு அணுக்கமானது. புறநானூற்று அகவலில் வாராத பேச்சு வடிவம் கலித்தொகையில் வந்தால், அது பிந்திய காலத்தைக் காட்டுகிறதா, பாவின் இயல்பைக் காட்டுகிறதா? எண்ணிக்கை மட்டும் இதற்கு விடை கூறாது.

ஒரே காலத்தில் ஒரு மொழி எத்துணை வேறுபட இயலும் என்பதை அளந்தறியும் பணியும் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. 1963-இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை ஏற்பட்டது. ஒரே சமூகத்தாரின் பேச்சைக் கேரளத்தின் பல பகுதிகளிலும் திரட்டினால், ஊருக்கு ஊர் நேரும் வேறுபாடு தெளிவாகும் எனக் கருதினார் சுப்பிரமணியம். ஈழவர், தீயர் ஆகியோரின் மலையாளம் இதற்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றது. ஊர்தோறும் மாறும் வடிவங்களைப் படங்களில் குறித்துக் காட்டிய அந்நூல் 1974-இல் வெளிவந்தது.