ரோட் ஹில் மர்மம் – 6
சலவைக் கூடையருகே ஒரு நிமிடம்

துப்பறியும் அதிகாரி விச்சரின் கையில் ஒரு காகிதம் கிடைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கும் என்று வாரமெல்லாம் யோசித்திருப்பீர்கள்.

அது ஒரு துணிக்கணக்கு. கென்ட் வீட்டுப் பெண் கான்ஸ்டன்ஸ் தன் கைப்பட எழுதியது. இரவு உடை மூன்று என்றது பட்டியல்.

விச்சர் எண்ணிப் பார்த்தார். இரண்டுதான் இருந்தன.

மூன்றாவது எங்கே என்று கேட்டார். குழந்தை சேவில் கொலையான பிறகு சலவைக்குப் போட்டேன், அங்கே தொலைந்துவிட்டது என்றாள் அந்தப் பதினாறு வயதுப் பெண்.

சலவைக்காரம்மாவோ, கூடையைத் திறந்தபோதே அந்த உடை இல்லை என்று அடித்துச் சொன்னாள். துணிகளை எடுத்துவைத்தவள் வீட்டு வேலைக்காரி சாரா காக்ஸ். அவளும் உறுதியாகச் சொன்னாள்: இரவு உடையைக் கூடைக்குள் போட்டது நான்தான்.

இரண்டு ஏழைப் பெண்கள். இருவர் சொல்வதும் உண்மையென்றால்?

விச்சர் விடவில்லை. கொலைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமைக் காலையை சாராவின் வாயிலிருந்து துளித்துளியாக வாங்கினார்.

மாடியறையில் அவள் துணிகளை எண்ணிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வாசலில் கான்ஸ்டன்ஸ் வந்து நிற்கிறாள். என் பாவாடைப் பையில் பணப்பை கிடக்கிறதா, பாரேன் என்கிறாள். சாரா துழாவுகிறாள். இல்லை.

குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று அடுத்தபடியாகக் கேட்கிறாள்.

சாரா போய்விட்டுத் திரும்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் கூடையருகே வேறு யாரும் இல்லை!

விச்சரின் மனதில் முடிச்சு அவிழ்ந்தது. இரத்தக்கறை பட்ட உடை முன்பே அழிக்கப்பட்டிருக்க வேண்டும். கணக்கில் ஒன்று குறையுமே? அதனால் கறையில்லாத இன்னொன்றைச் சலவைக்குப் போட்டு, சாரா கூடையில் வைத்ததும் திருப்பி எடுத்துக்கொண்டால், பழி சலவைக்காரம்மாவின் தலையில் விழும். ஒரு பள்ளி மாணவியின் மூளையில் உதித்த திட்டமா இது? எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, எதற்காக? நான்கு வயதுகூட நிறையாத குழந்தை சேவில் இவளுக்கு என்ன செய்தான்?

ஒன்றும் செய்யவில்லை. அவன் மாற்றாந்தாயின் செல்ல மகன். அவ்வளவுதான்.

அந்த மாற்றாந்தாய் முன்பு அதே குடும்பத்தில் ஆசிரியையாக இருந்தவள். கான்ஸ்டன்ஸின் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே வீட்டின் அதிகாரம் ஆசிரியையின் கைக்குப் போனது. அம்மா இறந்த மறு ஆண்டே அந்த ஆசிரியைக்கும் அப்பாவுக்கும் கல்யாணமும் நடந்தது. சின்ன வயதில் அந்த ஆசிரியையை நேசித்த பெண், வளர வளர எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

பன்னிரண்டு வயதில் ஒருமுறை அவள் வீட்டைவிட்டே ஓடியிருக்கிறாள். தம்பி வில்லியமின் பழைய உடைகளை மாட்டிக்கொண்டு, தலைமுடியை வெட்டி எறிந்துவிட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு பாத் நகரம்வரை நடந்தாள்.

வெட்டிய முடியையும் கழற்றிய பாவாடையையும் எங்கே போட்டாள் தெரியுமா?

தோட்டத்துப் புதரருகே இருந்த பழைய கழிப்பறையில்.

நான்கு ஆண்டுகள் கழித்துக் குழந்தையின் உடல் கிடைத்ததும் அங்கேதான்.

இதைக் கேள்விப்பட்ட கணமே விச்சர் முடிவுக்கு வந்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். அவளது மனதை அவர் படித்துவிட்டார். ஆனால் நீதிபதிகளுக்கு மனம் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது துணி. கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடைக் கணக்கை ஒரு சாதாரணப் போலீஸ்காரர் கிளறுவதே இங்கிலாந்துக்குப் பொறுக்கவில்லை.

விச்சர் வீடு, தோட்டம் எல்லாம் சலித்துத் தேடினார். இரவு உடை அகப்படவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. உடல் கிடைத்த அன்றே, வெந்நீர்க் கொதிகலனின் அடுப்புக்குள் இரத்தக்கறை படிந்த பெண் உள்ளாடை ஒன்றை உள்ளூர்ப் போலீஸ் கண்டெடுத்திருந்தது. பிறகு அது மாயமாகிவிட்டது. அவமானத்துக்குப் பயந்து லண்டனிலிருந்து வந்த விச்சரிடம் மூச்சு விடவில்லை!

உடல் கிடைத்த அன்றிரவு அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு காவலர்களைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். நள்ளிரவில் ஒருவர் வெளியே வரக் கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. போட்டவர் வேறு யாருமல்ல, இறந்த குழந்தையின் அப்பா சாமுவேல் கென்ட்!

ஏன்?

(அடுத்த வாரம்)