பேங்காக்கில் 1-0, யோகோஹாமாவில் 0-6: இரண்டு டிஃபெண்டர்களின் கதை

எங்க காட்டூர்ல, ஏரிக்கரைப் பக்கம், சின்ன வயசுல ஃபுட்பால் ஆடும்போது ஒரு சட்டம் உண்டு. ஆடத் தெரியாதவன் பேக்ல நிக்கணும். பந்து தண்ணியில விழுந்தா இறங்கி எடுத்துட்டு வர்றதும் அவன் வேலைதான். நான் எல்லா மேட்சும் பேக்ல நின்னவன். அதனாலயோ என்னவோ, டிஃபெண்டரா ஆடி அப்புறம் கோச் ஆனவங்க மேல எனக்கு ஒரு தனிப் பாசம்.

1970, பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் கேப்டன் ஹைதராபாத்காரர் சையத் நயீமுதீன். 1944-ல் பிறந்தவர், டிஃபெண்டர். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்றது. அதே போட்டியில் தென் கொரியாவின் பின்வரிசையில் கிம் ஜங்-நாம் இருந்தார். (வட கொரிய அதிபர் குடும்பத்து ஆள் இல்லைங்க, பேர்தான் அப்படி.) அவர் நயீமுக்கு ஒரு வயசு மூத்தவர். இறுதி ஆட்டத்தில் கொரியாவும் பர்மாவும் கோலே போடாததால தங்கத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. டிஃபெண்டருக்கு இதைவிட நல்ல ஃபைனல் எங்க கிடைக்கும்?

ஆடி முடிச்சதும் ரெண்டு பேரும் பயிற்சியாளர் ஆனாங்க. பாதை பிரிந்தது அங்கேதான்.

கொரியாவில் 1983-ல் தொழில்முறை லீக் ஆரம்பமானது. வெறும் 5 அணிதான், பெரிசா ஒண்ணும் இல்ல. மூணே வருஷத்தில், 1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு கிம் அணியைக் கூட்டிப் போனார். 1954-க்குப் பிறகு கொரியா உலகக் கோப்பையில் ஆடியது அப்போதுதான். அர்ஜென்டினாவிடம் 1-3, இத்தாலியிடம் 2-3 தோல்வி. பல்கேரியாவோடு 1-1 டிரா. முதல் சுற்றோடு வெளியே வந்தாலும், அதே வருஷம் சியோல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார்.

நயீம் திறமையில குறைஞ்சவர் இல்ல. கண்டிப்புக்குப் பேர் போனவர். 1990-ல் அவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஐஎஃப்ஏ ஷீல்டு, டூராண்ட், ரோவர்ஸ் என்று மூணு கோப்பையையும் ஒரே சீசனில் அள்ளியது. அந்த வருஷத்துக்கான துரோணாச்சாரியா விருதும் வந்தது. ஆடியதற்கான அர்ஜுனா விருது 1997-ல்தான் கிடைச்சது. ஆமா, குருவுக்கான விருது முதல்ல, வீரருக்கானது 7 வருஷம் கழிச்சு. நம்ம ஊர்ல சர்டிஃபிகேட் வர்ற வரிசையே தனி.

ஆனா அவர் கைக்கு வந்த வீரர்கள் எங்கிருந்து வந்தாங்க? இந்தியாவில் தேசிய லீக் தொடங்கியதே 1996-ல். கல்கத்தாவிலும் கோவாவிலும் உள்ளூர் லீக். மத்தபடி கோப்பைப் போட்டிகள். வருஷம் முழுக்க நாட்டின் பலமான அணிகளோடு மோதிப் பழகுற வாய்ப்பே கம்மி. நானே சாஃப்ட்வேர்காரன், எனக்கு இது நல்லாவே புரியும். டெஸ்ட்டே பண்ணாத கோடை நேரா புரொடக்‌ஷன்ல ஏத்திட்டு, கிராஷ் ஆனதும் டீம் லீடை மாத்துவாங்க. நயீமையும் அப்படித்தான் கூப்பிடுறதும் அனுப்புறதுமா இருந்தாங்க.

2005 டிசம்பருக்கு வருவோம். ரெண்டு பேருக்கும் வயசு 60-ஐத் தாண்டிடுச்சு. கிம்மின் உல்சான் ஹூண்டாய் கொரிய லீக்கை வென்றது. அதே மாசம் நயீமின் இந்திய அணி கராச்சியில் வங்கதேசத்தை 2-0 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கியது. ஒரே மாசத்தில் ரெண்டு பழைய டிஃபெண்டர்கள் கையிலும் கோப்பை.

ரெண்டு மாசம் கழிச்சு, 2006 பிப்ரவரி, யோகோஹாமா. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரே ஜப்பான். அவங்களுக்கு 1993-லிருந்து சொந்தத் தொழில்முறை லீக் இருந்தது. 36 வருஷத்துக்கு முன்னாடி கேப்டனா ஜெயித்த அதே எதிரணி முன்னால, நயீம் இப்போ கோச்சா நிக்கிறார். ஜப்பான் 6, இந்தியா 0. அடுத்த ஆட்டம் டெல்லியில், ஏமனிடம் 0-3. சில மாசத்தில் பாப் ஹௌட்டன் புதுப் பயிற்சியாளராக வந்துவிட்டார்.

பேங்காக் வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் ஃபுட்பால் அணி பதக்கமே வாங்கலை.

அடுத்த எபிசோடில் நம்ம தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர், 1973-ல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் டிராஃபி வாங்கிக் கொடுத்த கோச். உங்க தெருவில் பேக்ல நின்னது யாருன்னு எழுதி அனுப்புங்க.