ராயபுரம் ரயிலும் தூரத்து டேட்டாபேஸும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1-ல் நம்ம ராயபுரத்தில் இருந்துதான் தொடங்கியது. வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு தண்டவாளம் ஊர்களை இணைத்துவிட்டது. ஆனால் ரிசர்வேஷன் தகவல்கள் இணைய 143 வருடம் ஆனது தெரியுமா?

ஒரு காலத்தில் திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, இடம் கிடைத்ததா என்று தெரியாமலே ரயில் ஏறியவர்கள் உண்டு. 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனையாக வந்தது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்துக்கும் வந்தது. ஆனாலும் ஒரு மையத்தின் டேட்டாபேஸ் இன்னொன்றோடு பேசாது. ஒவ்வொன்றும் தனித் தீவு.

ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய 'கன்செர்ட்' மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் ஓடத் தொடங்கியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன. டேட்டாபேஸ்களை ஒன்றாகக் கலக்கவில்லை. கேள்வியைச் சரியான மையத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தந்தார்கள், அவ்வளவுதான்.

வெப்சைட் செய்யப் பழகும் நண்பர்களே, உங்கள் பிஎச்பி கோடு வேறு சர்வரில் உள்ள மைஎஸ்க்யூஎல்லோடு பேச மறுக்கிறதா? முதலில், 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அது கோடு ஓடும் அதே கம்ப்யூட்டரைத்தான் குறிக்கும், பழைய தனித் தீவு மாதிரி. அந்த இடத்தில் தூரத்து சர்வரின் முகவரியைக் கொடுங்கள்.

பிறகு பிழை எண்ணைப் படியுங்கள். 2003 என்றால் சர்வர் வரை போகவே இல்லை. முகவரி, 3306 போர்ட், ஃபயர்வால், அந்த சர்வர் வெளி இணைப்புகளை ஏற்கிறதா என்று பாருங்கள். 1130 என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று, ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு அங்கே அனுமதி இல்லை. 1045 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை, அல்லது அந்தப் பெயருக்கு உங்கள் இடத்திலிருந்து நுழைய உரிமை இல்லை.

பாதை சரியா என்று தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருந்தால் ராத்திரி முழுக்கப் போய்விடும்!