துபாஷி முதல் நேர்காணல் வரை



"மார்க் எல்லாம் இருக்கு சார், இன்டர்வியூவில் பேசத்தான் வரலை" என்று உங்களில் சிலர் லிப்டில் என்னிடம் சொன்னதுண்டு. இந்தக் கவலை இன்று வந்ததல்ல. நம் சென்னையில் அதற்கு இருநூறு வயதுக்கு மேல்.

கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவே நின்றவர் துபாஷி. இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் மொழி மட்டும் போதாது. விலை பேச வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், இரு தரப்பின் மனமும் அறிய வேண்டும். தந்தையை இழந்த ஏழைச் சிறுவனான பச்சையப்பர், நாராயண பிள்ளை என்ற பெரியவரின் ஆதரவில் வளர்ந்து, துபாஷியாகிப் பெரும் பொருள் ஈட்டினார். 1794-ல் அவர் காலமானார். தர்மத்துக்கு அவர் எழுதி வைத்த சொத்து பல்லாண்டு வழக்கில் கிடந்தது. பிறகு அந்தப் பணத்தில் 1842-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆனது.

1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசு வேலையில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று உத்தரவிட்டார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. நாளடைவில் ஆங்கிலம் பரீட்சைப் பாடமாகிவிட்டது. துபாஷி பேசிப் பழகியதை நாம் மனப்பாடம் செய்தோம்.

அதற்கு நானே சாட்சி. பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து வங்கியில் சேர்ந்தவன். கடிதம் பிழையில்லாமல் எழுதுவேன். முதல் வாரம் கவுன்ட்டரில் ஒருவர், டிராப்ட் ஏன் தாமதம் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். பதில் தெரியும், வாய் வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். அதிகம் படிக்காத கேஷியர்தான் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கி அனுப்பினார். அவருக்குத் தெரிந்த அந்தப் பக்குவம் எனக்கு வர வெகுநாள் ஆயிற்று.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தொழில் திறனோடு ஆங்கிலப் பேச்சுக்கும் பயிற்சி உண்டு. நல்ல காரியம். இருந்தாலும், பேச்சு பழக எதிரே ஓர் ஆள் வேண்டுமல்லவா? வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் குடியிருப்பிலேயே எத்தனை பேர்!

ஞாயிறு காலை ஒரு மணி நேரம், சங்க ஹாலில் மாதிரி நேர்காணல் நடத்தலாம் என்பது என் யோசனை. நம் பிள்ளைகளோடு, காவலாளிகளின் பிள்ளைகளும் வீட்டு வேலைக்கு வருவோரின் பிள்ளைகளும் வரட்டும். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்துவிட்டேன்.